நிலாவில் செல்லாத கல்யாணம்

வைகுண்டமணியை அவருடைய மனைவி நிலாவில் விவாகரத்து செய்தபோது அவர் பூமியில் ஒரு மின்கம்பத்தின் உச்சியில் இருந்தார். இறங்கி வந்து, கையுறையைக் கழற்றி, கைபேசியைப் பார்த்த பிறகுதான் தான் இனி யாருக்கும் கணவன் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. உலகம்மாள் என்று பெயர் வைத்த பெண்ணை நிலாவுக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும் என்று அவருடைய மச்சான் கேட்டாராம். அந்த ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. நான் குடும்ப வழக்குகள் பார்க்கிற வக்கீல். பெயர் மங்கையர்க்கரசி. என்னிடம் வருகிறவர்களுக்கு மச்சான்மார் ஏற்கெனவே நிறையச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"நிலா கோர்ட்டுலேருந்து நோட்டீஸ் வந்துச்சா அண்ணாச்சி?"

"வந்துச்சு வக்கீலம்மா."

"திரையில போய் ஆஜரானீங்களா?"

"செண்பகராமன் சார்தான் வேண்டாம்னுட்டாவ."

எனக்குப் புரிந்துவிட்டது. செண்பகராமன் எங்கள் ஊர் வக்கீல்களில் மூத்தவர், நல்ல மனிதர். 'முத வாய்தாவுக்கு எவனாவது போவானாய்யா? கல்யாண வீட்டுல பந்தி போடுமுன்ன போயி இலைக்கு முன்னால உக்காந்த மாதிரி இருக்கும்' என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் இது முழுக்க முழுக்கச் சரியான ஆலோசனை. முதல் தேதிக்கு எதிராளி வரமாட்டார், இரண்டாவது தேதிக்கு வக்கீலுக்குக் காய்ச்சல், மூன்றாவது தேதிக்கு நீதிபதிக்கு மாற்றல். நாங்கள் எல்லோரும் இதில்தான் குடும்பம் நடத்துகிறோம்.

நிலாவில் வாய்தா என்ற சொல்லே கிடையாது. அங்கே காற்று அளந்துதான் கொடுக்கிறார்கள். ஒரு நீதிபதியும் இரண்டு கட்சிக்காரரும் ஓர் அறையில் உட்கார்ந்து மூச்சுவிடுவதற்கு யாரோ சிலர் காற்று தரும் செடித் தோட்டத்தில் கூடுதலாக உழைக்க வேண்டும். அதனால் ஒரு வழக்குக்கு ஒரே ஓர் அமர்வு. வந்தவர் பேசலாம். வராதவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். வைகுண்டமணிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அந்த நீதிமன்றம் முடிவு செய்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பைக் கொடுத்துவிட்டது.

"எதுக்காக விவாகரத்து கேட்டாங்களாம்?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "வரவே இல்லன்னு."

உலகம்மாள் நிலாக் குடியிருப்பில் பனிப்பாறையைத் தண்ணீராக்குகிற ஆலையில் பொறியாளராகச் சேர்ந்தவள். போகும்போதே தம்பதிக்கான அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். கணவர் அடுத்த ராக்கெட்டில் வருவதாகப் பேச்சு. அதற்கு அடுத்ததில் வருவதாகச் சொன்னார். மழைக்காலம் முடியட்டும் என்றார். பங்குனி உத்திரம் கழியட்டும் என்றார். அந்த அறையில் அவள் தனியாக நாலைந்து வருஷம் இருந்திருக்கிறாள்.

"இப்ப அந்தத் தீர்ப்பு இங்கயும் செல்லணும்னு நம்ம கோர்ட்டுல மனு போட்டிருக்கா. அவ வேலைக்குச் சேந்ததே இங்க பதிவான ஒப்பந்தத்துலதான். அதுலேருந்து எம் பேரை எடுக்கணுமாம். செல்லுமா வக்கீலம்மா?"

"நிலாவுக்கும் நமக்கும் ஒப்பந்தம் இருக்கு அண்ணாச்சி. அவங்க தீர்ப்பை நாம மதிக்கணும், நம்ம தீர்ப்பை அவங்க மதிக்கணும். ஆனா ரெண்டு பேருமே உஷாரா ஒரு வாசலைத் தொறந்து வச்சிருக்காங்க. அடுத்தவன் தீர்ப்பு நம்ம நியாயத்துக்கே அடியோட ஒவ்வாததா இருந்தா, ஏத்துக்க வேண்டியதில்ல."

"ஒரு மனுசனை ஒரு வார்த்தை கேக்காம பொண்டாட்டி இல்லன்னு சொல்லுதது நியாயமா?"

"அதைத்தான் வாதாடப் போறேன். அதுவரைக்கும் அங்க உங்களுக்கு மனைவி இல்ல, இங்க இருக்கு. சரி, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசிக்கவில்லை. "எனக்கு அவ வேணும். வேற என்ன சொல்ல?"

வழக்கை எடுத்துக்கொண்டேன்.

உலகம்மாள் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தானே திரையில் தோன்றி வாதாடினாள். ஒடுங்கிய முகம், ஒட்ட வெட்டிய முடி, பின்னால் சாம்பல் நிறச் சுவர். நாம் கேட்பது அவளைப் போய்ச் சேரவும், அவள் பதில் நம்மிடம் வரவும் இரண்டு மூன்று விநாடி ஆகும். அந்த இடைவெளியில் எங்கள் நீதிபதி கேள்வியை மாற்றிக் கேட்டுவிடுவார். அவள் பழைய கேள்விக்குப் பதில் சொல்வாள். முதல் தேதியில் இப்படியே போனதில் பெஞ்ச் கிளார்க் எழுதுவதையே நிறுத்திவிட்டார். நான் எழுந்து பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்டேன். வாய்தா கிடைத்தது.

அப்போதுதான் அது நடந்தது. நிலாவுக்கான இணைப்பை அரை நாளுக்குக் குறைவாக எடுக்க முடியாது. எங்கள் வழக்கோ நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. கோர்ட் டவாலி அந்தச் சக்கரம் வைத்த திரையை உருட்டிக்கொண்டுபோய் வராந்தாவில், வேப்பமரத்து நிழலில் நிறுத்தினார். உலகம்மாளுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. சொட்டுத் தண்ணீரை எண்ணிப் பழகியவள். இணைப்பை அணைக்க மனமில்லாமல் அப்படியே இருந்தாள். வைகுண்டமணிக்குத் திரைக்கு முன்னாலிருந்து நகர மனமில்லை.

அவள்தான் ஆரம்பித்தாள். "மாடியில தண்ணித் தொட்டி ஒழுகிச்சே, சரி பண்ணியாச்சா?"

"பண்ணணும்."

"பண்ணணுமாம்" என்றாள் அவள், திரைக்கு வெளியே யாரிடமோ சொல்வதுபோல.

அடுத்த வாய்தாவுக்கு அவர் தொட்டியைச் சரி செய்துவிட்டு, ஆதாரத்துக்குப் படமும் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாய்தாவில் நீதிபதி விடுப்பு. அன்று முழு அரை நாளும் அவர்களுக்கே. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேறொரு வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

"ஏங்க, நெசமாச் சொல்லுங்க. எதுக்கு வரல?"

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். "பயம்."

இரண்டு விநாடி. மூன்று விநாடி. "என்னது?"

"ராக்கெட்டுன்னா பயம்ட்டி. ஒரு தடவ கெளம்புத எடம் வரைக்கும் வந்துட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கால் ரெண்டும் எனக்கில்ல. அப்படியே பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிட்டேன்."

"கம்பத்து மேல ஏறி நிக்கிற மனுசனுக்கு ராக்கெட்டுன்னா பயமா?"

"கம்பம் ஏறுனா நின்ன எடத்துலயே நிக்குமுல்லா. கெளம்பிப் போயிராதே."

இந்த முறை இடைவெளி நீண்டது. அவள் சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதை அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன? நான் எதுக்குக் கோர்ட்டுக்குப் போகப்போறேன்? உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன். தெனம் ரெண்டு தலகாணியைப் பாத்துக்கிட்டே அப்படித்தான் நெனச்சேன்."

"அதை எப்படிட்டி சொல்லுதது? ஆம்பள, லைன்மேன்."

"ஆம்பள லைன்மேன்" என்று அவள் திருப்பிச் சொன்ன விதத்தில் எனக்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய் டீ குடித்தேன்.

அதன் பிறகு அந்த வழக்கில் எனக்கு ஒரு புதுச் சிக்கல். என் கட்சிக்காரருக்கு வழக்கு முடியவேண்டும் என்ற அவசரம் போய்விட்டது. "இன்னொரு வாய்தா கேளுங்களேன் வக்கீலம்மா" என்பார். எதிராளி ஆட்சேபிக்க வேண்டுமே? அவள் என்னை முந்திக்கொண்டு தலையாட்டினாள். எங்கள் நீதிமன்றத்தின் தாமதத்தைப் பற்றி ஊரே பேசும். அதனால் ஒரு குடும்பம் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் இதை மேலிடத்தில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். இன்னும் தாமதமாக்கிவிடுவார்கள்.

மனுவைத் திரும்பப் பெறலாமே என்று உலகம்மாளிடம் கேட்டேன். "நிலாத் தீர்ப்பு அப்படியே நிக்குமே மேடம். இங்க செல்லாதுன்னு ஒரு தீர்ப்பு கெடச்சா, அதைக் கொண்டுபோய் அங்க காட்டி அந்த நிலாத் தீர்ப்பை ரத்து பண்ணிரலாம்லா?" என்றாள். நல்ல சட்ட மூளை. தன் வழக்கில் தானே தோற்கவேண்டும் என்று விரும்பி உட்கார்ந்திருந்த ஒரு மனுதாரரை என் தொழிலில் அப்போதுதான் பார்த்தேன்.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பைக் கேட்காமல், ஒரே அமர்வில், வராததையே குற்றமாக வைத்துக் கொடுத்த தீர்ப்பு இயற்கை நீதிக்கு ஒவ்வாதது. ஆகவே இந்த மண்ணில் செல்லாது. வைகுண்டமணியும் உலகம்மாளும் இன்றும் கணவன் மனைவி. தோற்றுப்போன மனுதாரர் திரையில் கைதட்டினாள். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்தார்.

அந்தத் தீர்ப்பை நிலாவுக்கு அனுப்பினோம். அங்கே வழக்கம்போல் மதியத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. உலகம்மாள் அதைத் திரையில் எனக்கு வாசித்துக் காட்டினாள். குரலில் உயிரே இல்லை.

"'இரண்டு மனிதர்களைத் தாங்கள் கணவன் மனைவியா இல்லையா என்றே தெரியாத நிலையில் இத்தனை காலம் நிறுத்தி வைத்த ஒரு நடைமுறை, இந்தக் குடியிருப்பின் அடிப்படை நியாயத்துக்கு ஒவ்வாதது. ஆகவே அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது.'"

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் நுழைந்த அதே வாசலில்தான் அவர்களும் நுழைந்திருந்தார்கள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் வைகுண்டமணி.

"அவங்க தீர்ப்பு ரொம்ப வேகம்னு நாம ஏத்துக்கல. நம்ம தீர்ப்பு ரொம்ப மெதுவுன்னு அவங்க ஏத்துக்கல. இங்க நீங்க புருஷன் பொண்டாட்டி. அங்க நீங்க ரெண்டு பேரும் யாரோ."

"நான் மேல போனா?"

"உறவில்லாத ஆளுக்கு அறை கிடையாது. விருந்தாளியா ரெண்டு நாள் இருந்துட்டு இறங்கணும்."

"அவ கீழ வந்தா?"

அவள் வேகமாகத் தலையை நிமிர்த்தினாள். "ஆலைக்கு இப்ப நான்தான் பொறுப்பு. என் கையை நம்பித் தண்ணி குடிக்கிறவங்க ஒரு ஊரே இருக்காவ. எல்லாரும் நான் எறங்கணும்னே சொல்லுதீயளே. அவரு ஒரு தடவ ஏறட்டுமே."

"ஏறுதேன்" என்றார் அவர். முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் சொன்னார்.

அப்படியானால் சுலபம்தானே, மேலே போய் அவளையே இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். நிலாப் பதிவாளரைத் திரையில் பிடித்தோம். பொறுமையான மனிதர். தமிழ் கற்றுக்கொண்டவர்போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு வேறு எங்காவது உயிரோடு மனைவி இருக்கிறாரா?"

"பூமியில இருக்கு" என்றார் வைகுண்டமணி, என்னைப் பார்த்துக்கொண்டே. பொய் சொல்லவும் வழியில்லை. எங்கள் நீதிமன்றத் தீர்ப்பை நாங்களே முந்தைய வாரம் அவர்களிடம் தாக்கல் செய்திருந்தோம்.

"எந்த ஊர்ச் சட்டத்திலாவது மனைவி இருக்கிறவர் இங்கே இன்னொரு பெண்ணை மணக்க முடியாது."

"அந்த மனைவியே நான்தாங்க!" என்று உலகம்மாள் கத்தினாள்.

"இங்கே நீங்கள் அவருக்கு மனைவி இல்லை அம்மா. இருந்திருந்தால் கல்யாணமே தேவைப்படாதே."

இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நான் இரண்டு நாள் தேடினேன். இல்லை. சொந்த மனைவியையே இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறார் என்று என் கட்சிக்காரர் மேல் தப்பு வந்து நின்றது. மிச்சமிருந்தது ஒரே வழி. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"இங்க விவாகரத்து வாங்கணும் அண்ணாச்சி. ரெண்டு பேரும் சம்மதிச்சு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அவளை விட மாட்டேன்னுதானே உங்ககிட்டயே வந்தேன்?"

"அவங்களோட இருக்கணும்னா அவங்களை விடணும். வேற வழி இல்ல."

"சேந்து வாழ முடியலன்னு கோர்ட்டுல பொய் சொல்லணுமா?"

"சேந்து வாழ முடியலங்கறது உண்மைதானே? யாரால முடியலன்னு சட்டம் கேக்கல."

மனு தாக்கலானது. அதே நீதிபதி. சாதாரணமாக இப்படிப்பட்ட மனுவை ஆறு மாதம் ஆறப்போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள், மனம் மாறுமா என்று பார்க்க. காத்திருக்கும் காலத்தைத் தள்ளுபடி செய்யவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதற்கு இவர்களுக்குள் இனி ஒட்டவே ஒட்டாது என்று அவருக்குப் படவேண்டும். அங்கேதான் எனக்கு உதறல். இந்த இரண்டு பேர் முகத்தையும் பார்க்கிற எவருக்கும் அப்படிப் படாது.

வைகுண்டமணி வெள்ளைச் சட்டை போட்டு, பத்து மணிக்கே வந்து நின்றார். பேர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினார்.

"வைகுண்டமணி, உங்க மனைவியைப் பிரியறதுக்கு நீங்க யாரோட கட்டாயமும் இல்லாம, முழு மனசோட…"

"சம்மதம் ஐயா" என்றார் அவர்.

கேள்வியை நீதிபதி முடிக்கவே இல்லை. மனுஷன் ராத்திரி முழுக்க அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கே நாக்கு மடங்கிவிடுமோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். ஒரு விநாடி கழித்து அது நிலாவைப் போய்ச் சேர்ந்தது. உலகம்மாளின் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"இப்படி டக்குனு சொல்லிப்புட்டீயளே" என்றாள்.

"நீதானட்டி சொல்லச் சொன்ன?"

"ஒரு நிமிசம் யோசிக்கக்கூடாதா? நாலு வருசமா ஒரு ராக்கெட்டுல ஏற யோசிச்ச மனுசனுக்கு, என்னை விட ஒரு நொடி போதுமாக்கும்!"

"ஏட்டி, எனக்கு வந்த பேச்சையெல்லாம் அடக்கிக்கிட்டு…"

"அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க!"

"எதுக்கு?"

சமிக்ஞை போய்வருவதற்குள் இருவரும் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். அவர் பழைய கேள்விக்குப் பதில் சொன்னார். அவள் அதைப் புதிய கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டு இன்னும் கொதித்தாள். தண்ணீர்த் தொட்டி வந்தது, மச்சான் வந்தார், பங்குனி உத்திரம் வந்தது. நான் எழுந்து கையைக் காட்டினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

நீதிபதி மேசையைத் தட்டினார். "உலகம்மாள், உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்! இந்த மனுசன்கூட எவ இருப்பா!"

நீதிபதி குனிந்து எழுத ஆரம்பித்தார். மனுதாரர்கள் இருவரும் சேர்ந்து வாழ இயலாதவர்கள் என்பதை இந்த நீதிமன்றம் நேரடியாகக் கண்டது. காத்திருக்கும் காலம் தள்ளுபடி செய்யப்படுகிறது. திருமணம் இன்றே கலைக்கப்படுகிறது. எழுதும்போது அவர் சிரித்தாரா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த கேஸ்" என்றார்.

வராந்தாவுக்கு வந்தோம். திரையும் வந்தது. வைகுண்டமணி தூணைப் பிடித்துக்கொண்டார். நினைத்தது நடந்த மனிதரின் முகம் அது இல்லை.

"இப்ப அவ எனக்கு யாரு வக்கீலம்மா?"

"யாருமில்ல. இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல."

"எந்தச் சட்டத்துலயும்?"

"எந்தச் சட்டத்துலயும்."

அவர் திரைக்கு முன்னால் போய் நின்றார். உலகம்மாள் கோபம் ஆறாமல் பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய முதல் கல்யாணம் வீட்டார் பேசி முடித்தது. அவர் அவளிடம் எதையும் கேட்க வேண்டி வந்ததே இல்லை. இப்போது கேட்டார்.

"என்னைக் கட்டிக்கிடுதியாட்டி?"

கேள்வி போனது. போய்ச் சேர்ந்திருக்கும். பதில் வந்திருக்க வேண்டிய நேரமும் தாண்டியது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமும் அவளை யாராவது ஒருவருடைய மனைவி என்றோ இல்லை என்றோ யாரோ தீர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். இப்போது சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்தி. அது அவளுக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். திரை அணைந்தது.

வைகுண்டமணி அணைந்த திரையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?"

"இதுக்குக் கோர்ட் கிடையாது அண்ணாச்சி. அவங்க மாட்டேன்னு சொன்னா மாட்டேன்தான்."

எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. சட்டப்படி நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, ஒரு மனிதரிடமிருந்து அவருடைய மனைவியை முழுசாகப் பிரித்துக் கொடுத்திருந்தேன். அவரோ வேப்பமரத்தடியில் நின்று கைபேசியில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அடுத்த ராக்கெட்டுக்கு இருக்கை பதிவு செய்துகொண்டிருந்தார்.

"பதில் வந்த பிறகு போகலாமே அண்ணாச்சி?"

"அங்க போயி வாங்கிக்கிடுதேன்" என்றார்.